இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'கேம் ஜாம்' என்றதும் ரொட்டியில் தடவுவது என்று சிலர் நினைத்திருப்பீர்கள். குறித்த நேரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொடங்கி முடிக்கும் பந்தயம் அது. 2002இல் தொடங்கிய 'லூடம் டேர்' அவற்றுள் பெயர் பெற்றது. தனி ஆளுக்கு 48 மணி நேரம்; குழுவுக்கு 72. பரிசு எதுவும் கிடையாது. கலந்துகொண்டவர்களே ஒருவர் விளையாட்டை மற்றவர் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

2018 ஏப்ரலில் நடந்த 41ஆவது போட்டியின் தலைப்பு, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு விளையாட்டு வகைகளை இணைப்பது. நம் வகுப்பு நண்பர்கள் மூவர் குப்பனூரில் ஒருவன் வீட்டில் கூடினோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு மலைப்பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஆகவே மலைப்பாதையில் பஸ் ஓட்டுவது ஒன்று, பல்லாங்குழி மற்றொன்று என்று முடிவு செய்தோம். பஸ் ஓட்டுபவருக்கு யோசிக்க நேரமில்லை; பல்லாங்குழி ஆடுபவருக்கோ அவசரமே இல்லை!

கொஞ்ச நேரம் பஸ், கொஞ்ச நேரம் பல்லாங்குழி என்று மாற்றி மாற்றிக் காட்டுவது சுலபம். ஆனால் ஒரே இலையில் பரிமாறினாலும் சாம்பார் சாம்பார்தான், பாயசம் பாயசம்தான். அப்போது நண்பனின் அம்மாயி திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் கண்ணு, இந்தப் பஸ்சுல ஏற ஆளே இல்லையா?"

விடை அங்கேதான் இருந்தது. பயணிகள்தான் காய்கள், நிறுத்தங்கள்தான் குழிகள். இறக்கத்தில் 7, ஏற்றத்தில் 7, ஆக 14. நிறுத்தத்துக்கு ஒருவராக இறக்கிவிட வேண்டும். பஸ் காலியானால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்களை மொத்தமாக அள்ளிக்கொள்ள வேண்டும். ஒரு நிறுத்தத்தில் நாலு பேர் சேர்ந்தால் 'பசு'. அது நம் வரவு. ஆள் கூடினால் ஏற்றத்தில் பஸ் திணறும். இறக்கத்தில் சீக்கிரமே பிரேக்கை மிதித்தாக வேண்டும். காய்களின் எண்ணிக்கையே பஸ்சின் பாரம் என்று ஆனதும் இரண்டு ஆட்டமும் ஒன்றாகிவிட்டன.

பிறகு வெட்டும் வேலை. காட்டெருமை போயிற்று, இரண்டாவது பஸ் போயிற்று. "பனியை மட்டும் வச்சுக்கலாம்டா மச்சி" என்று ஒருவன் கெஞ்சினான். அதுவும் போயிற்று. நேரத்துக்குள் முடித்து அனுப்பினோம். முகம் தெரியாதவர்கள் ஆடிப் பார்த்து, எந்த வளைவில் சலிப்புத் தட்டியது என்று எழுதினார்கள்.

சிறியது என்று இதை ஒதுக்க வேண்டாம். 2017இல் நார்டிக் கேம் ஜாமில் பிறந்த 'பாபா இஸ் யூ' 2019இல் முழு விளையாட்டாக வெளிவந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையையும் சமையல் புதிர்களையும் இணைத்த 'வெண்பா' 2023இல் வெளிவந்து, 2024இல் பாஃப்டா விருது பெற்றது.

நாம் நான்கு ஆண்டுகள் எழுதிய ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தியவர் தவிர வேறு யாராவது பார்த்தார்களா? செய்த பொருள் அந்நியர் கைக்குப் போனால்தான் பொறியாளருக்குத் தன் வேலையின் தரம் தெரியும். ஆண்டுக்கு ஒரு சனி, ஞாயிறு நம் கம்ப்யூட்டர் லேபை இரவும் பகலும் மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கூட உட்கார நாங்கள் மூவரும் வருகிறோம். சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது.