எட்டயபுரத்தில் ஒரு வீடு



நம் தோட்டங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் பழனிக்குப் போகிறார்கள்; மதுரை மீனாட்சியைத் தரிசிக்கிறார்கள்; திருச்செந்தூரில் கடலாடித் திரும்புகிறார்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் வழியில் எட்டயபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் குறைவு. ஜொகூரிலிருந்து சென்ற ஆசிரியர்கள் சிலர், ஒரு பள்ளி விடுமுறையின்போது அங்கே இறங்கினோம். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் பிறந்த வீட்டைப் பார்ப்பதே எங்கள் நோக்கம்.

“அவர் பாட்டுத்தான் புத்தகத்தில் இருக்கிறதே, வெறும் வீட்டைப் பார்க்க இவ்வளவு செலவா?” என்று நாங்கள் புறப்படும்போது தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எட்டயபுரம் கரிசல் பூமி. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விளையும் மண். பால் மரத்தையும் செம்பனையையும் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு அந்தக் கறுத்த நிலமும் வெயிலும் புதுமையாக இருந்தன. முன்பு அது ஜமீன்தார்களின் ஊர். ஊர் சிறிதானாலும் அதற்குப் பெருமை அதிகம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது அங்கேதான். இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு மறைந்ததும் அதே ஊரில்தான்.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தார். தந்தை சின்னசாமி ஐயர், தாய் லட்சுமி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சுப்பிரமணியன், வீட்டில் சுப்பையா. அந்த வீட்டுக்குள் படங்களும் அவர் வாழ்க்கைக் குறிப்புகளும் இருந்தன. வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எங்களுக்கு அதைவிட அதிக நேரமாயிற்று.

ஏனென்றால், அந்த வீட்டில் நிற்கும்போது மீசையும் முண்டாசும் வைத்த கவிஞரின் நினைவு வரவில்லை. ஐந்து வயதில் தாயை இழந்த சுப்பையாவின் நினைவுதான் வந்தது. தம் இளமையைப் பற்றி அவரே பிற்காலத்தில் ‘சுயசரிதை’ என்ற பாடலில் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடியாடி விளையாட, அவர் மட்டும் கூடாமல் தனித்திருந்தாராம். தந்தை கண்டிப்பானவர். மகன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேறிப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. மகனின் மனமோ தமிழ்ப் பாட்டில் இருந்தது. பதினொரு வயதளவில் ஜமீன் அவையிலிருந்த புலவர்கள் அவருக்குப் ‘பாரதி’ என்ற பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பின்னும் தந்தை மனம் மாறவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படிக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்.

அந்தத் தந்தையைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பருத்தி ஆலை தொடங்கிப் பொருளை இழந்து நொடித்துப்போனவர் அவர். தாம் பட்டதை மகன் படக்கூடாது என்று நினைத்திருப்பார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வாளி தூக்கிக் களைத்து வருகிற நம் பெற்றோர்களும், பிள்ளை படம் வரைவதைப் பார்த்தால், “கணக்குப் புத்தகத்தை எடு” என்றுதானே சொல்கிறார்கள்?

1897ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், தம் படிப்புக்கு உதவி கேட்டுச் சுப்பையா எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதைப் பாட்டாகவே எழுதினார். இன்று நம் பிள்ளைகள் உபகாரச் சம்பளத்துக்கு மனு எழுதுகிறார்களே, அதே வயது, அதே தேவை. அந்த ஆண்டிலேயே ஏழு வயதுச் செல்லம்மாளுடன் அவருக்குத் திருமணமும் நடந்தது. மறு ஆண்டு தந்தை காலமானார். பிறகு காசியிலிருந்த அத்தை வீட்டுக்குப் போய்ச் சில ஆண்டுகள் படித்தார். ஊர் திரும்பி ஜமீனில் வேலை பார்த்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராகவும் இருந்தார். நம் தொழிலுக்கு அவரால் கிடைத்த பெருமை அவ்வளவே! பத்திரிகை அவரை அழைத்துக்கொண்டது.

தோட்ட மக்களாகிய நாம் அவரிடம் பட்ட கடன் ஒன்று உண்டு. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரத்தை அவர் பாட்டில் எழுதினார். அந்தத் தீவுக்கு அவர் போனதில்லை. தாயில்லாமல், விளையாட்டில்லாமல் வளர்ந்த ஒருவருக்குக் கண்காணாத இடத்து அழுகை கேட்டிருக்கிறது. பெரியவரின் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான்: அந்தப் பிள்ளையைப் புத்தகத்தில் படித்திருந்தோம், வீட்டில்தான் சந்தித்தோம்.

1921ஆம் ஆண்டு செப்டம்பரில், முப்பத்தெட்டாம் வயதில், சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் இறந்தபோது அவரிடம் செல்வம் எதுவும் இல்லை. எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் கட்ட எழுத்தாளர் கல்கி முயற்சி எடுத்து, தம் பத்திரிகை வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1945இல் அடிக்கல் நாட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். பிறந்த வீட்டைப் பின்னாளில் தமிழ்நாடு அரசு நினைவில்லம் ஆக்கியது. ஆனாலும் வீடு என்பது ஓடும் மரமும் சுண்ணாம்பும்தானே. 2025ஆம் ஆண்டு அதன் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்த செய்தியைப் படித்தபோது, சொந்த வீட்டுக் கூரை விழுந்ததுபோல் எங்களுக்கு வருத்தமாயிற்று.

நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த லயன் வீடுகள் பல இடங்களில் இருந்த சுவடே தெரியாமல் போய்விட்டன. அவற்றைக் காப்பாற்ற எந்தக் கல்கியும் வரவில்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வாழ்ந்த லயத்தின் படத்தை வரைந்து வரவேண்டும்: குசினி எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே, அடுத்த வீட்டில் இருந்தவர் யார் என்று. ஒரு மாணவி வரைந்த படத்தில், வாசற்படியின் பக்கத்தில் ஒரு முருங்கை மரமும், அதில் கட்டிய ஆடும் இருந்தன. பாட்டி சொன்னாராம், ஆட்டை விட்டுவிடாதே என்று.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாளை எட்டயபுரத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து ரயில் நிலையம் கோவில்பட்டி. வீடு பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கி வாருங்கள். பிள்ளைகள் அதையும் மறக்கமாட்டார்கள்.