கல்லில் இருக்கும் பெயர்
(திருகோணமலைச் சுற்றுலா முடிந்த பின் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாங்கள் தோப்பூரில் தங்கி, மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். வழிகாட்டி முதலில் மயானத்துக்குக் கூட்டிப் போனதும், "கோணேசரைக் கும்பிட வந்தா சுடுகாட்டையா காட்டுறாங்க?" என்று அம்மாமார் முணுமுணுத்தார்கள்.

நிலாவெளி வீதியில் இருப்பது இரண்டாம் உலக யுத்த மயானம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் அந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. யுத்தத்தில் மாண்டவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள்.

பட்டணத்துப் பழைய மயானத்தில் சார்ல்ஸ் ஓஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தவர். எழுத்தாளர் ஜேன் ஓஸ்டினின் தம்பி.

அந்தக் காலத்தில் அதே வாந்திபேதிதான் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம்ம ஆட்களையும் வாரிக்கொண்டு போனது. காட்டு வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

பெயர் எதற்கு என்று கேட்காதீர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டக் கடதாசி இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானோம். அது முழுசாகத் தீர 2003 வரை சென்றது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளே, ஒரு கொப்பி எடுங்கள். லயத்திலுள்ள வயதானவர்களிடம் பாட்டன், பூட்டி பெயர், வந்த ஊர், புதைத்த இடம் கேட்டு எழுதுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களையும் பத்திரமாக வையுங்கள். நம்ம மயானத்தில் கல் நட வசதியில்லாவிட்டாலும், பெயராவது நம்ம கையில் இருக்கட்டும்.