ஊதச் சொன்னால் ஊதுவோம். கையெழுத்துக்கு முன் கேட்போம்

(கல்லாற்றில் கூடிய லாரித் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்முடிப் பக்கம் வானம் கறுத்து நிற்கிறது. மலையில் மழை பெய்தால் கல்லாறு நம்மைக் கேட்டுக்கொண்டு ஏறாது. பாலத்துக்கு அப்பால் இருந்து வந்தவர்கள் நேரத்தோடு திரும்பவேண்டும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நமக்குத் தெரிந்த லாரித் தோழர் ஒருவர். சிமெண்டு லோடு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாக வந்தவரை இரவில் தடுத்து நிறுத்தினார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினார். ஒரு தாளை நீட்டினார்கள், அது மலையாளத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டார். பிறகு கோர்ட்டில் குற்றம் சம்மதமா என்று கேட்டபோது, கேள்வி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் "சம்மதம் சார்" என்றார். லோடு வழியில் கிடக்கிறது, முதலாளி போனில் கத்துகிறார். அபராதத்தைக் கட்டினால் தீர்ந்தது என்று அவர் நினைத்தார். தீரவில்லை. லைசென்ஸை நிறுத்திவைப்பதாக நோட்டீஸ் ஊர் விலாசத்துக்குப் போயிற்று. அதைப் பிரித்துப் படித்தவர் அவருடைய மனைவி. அவர் ஊர் போய்ச் சேருவதற்குள் முதலாளி லாரிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

அவர் குடித்திருந்தாரா? முந்தின இரவு குடித்தேன், அன்றைக்கு இல்லை என்கிறார். நாம் சாட்சி நிற்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டோம்: கருவி என்ன எண் காட்டியது? அவருக்குத் தெரியாது. தன் பிழைப்பைப் பறித்த எண் எதுவென்று கூட அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

தோழர்களே, இன்றைக்கு நாம் பேச வந்தது குடிகாரனுக்கு வக்காலத்து வாங்க அல்ல. குடித்துவிட்டு வண்டி எடுப்பவனுக்கு நம் சங்கத்தில் இடம் கிடையாது. ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்கிறீர்களா? 2006 நவம்பரில் பம்பாய் பாந்திராவில், நடைபாதையில் படுத்திருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள். பிழைக்க வந்த ஊரில் கூரை இல்லாமல் உறங்கியவர்கள், நம்மைப் போன்றவர்கள். ஓட்டியவன் ரத்தத்தில் மது இருந்தது. அவனுக்கு விதித்த மூன்றாண்டுத் தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குடித்து ஓட்டுகிறவன் சக்கரத்தில் முதலில் அகப்படுவது ரோட்டோரத்தில் படுப்பவனும் நடப்பவனும்தான். இங்கே நம் தலைக்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்து, அது கருவிச் சோதனையில் தெரியவந்தால் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு வருடம் வரை சிறை, 15,000 ரூபாய். ஸ்டேஷனில் பணம் கட்டி ரசீது வாங்கித் தீர்க்கிற குற்றம் இது அல்ல, கோர்ட்டுக்குத்தான் போகும். "இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அது சட்டத்தில் இல்லாத வழி. இதற்கு மேல் லைசென்ஸ் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் கொடுத்த உத்தரவுப்படி குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தப்படும். கார் வைத்திருப்பவனுக்கு மூன்று மாதம் என்றால் பஸ்ஸில் போவான். நமக்கு மூன்று மாதம் என்றால் அடுப்பு எரியாது. ஆகவே 10,000 ரூபாய் மட்டுமே தண்டனை என்று எண்ணி "சம்மதம்" சொல்கிறவன், தண்டனையில் பாதியைத்தான் பார்க்கிறான்.

இனி நம் ஜில்லாவிலேயே நடந்த ஒரு சம்பவம். 2019 ஆகஸ்டு 3, நள்ளிரவு கடந்த நேரம். திருவனந்தபுரம் நகரத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்த கே. எம். பஷீர் என்ற பத்திரிகையாளர் மேல் கார் மோதியது. அவர் இறந்தார். காரில் இருந்தவர் உயர்ந்த பதவியில் உள்ள ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் மேல் மது வாடை அடித்ததாக அவரைப் பார்த்த டாக்டர் குறித்தார். ஆனால் ரத்தம் எப்போது எடுத்தார்கள்? ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து. அந்த ரத்தத்தில் மது இல்லை என்று வந்தது. 2022-ல் செஷன்ஸ் கோர்ட் பெரிய பிரிவை நீக்கியது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அதைத் திரும்பச் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. குற்றமா இல்லையா என்பதை விசாரணைக் கோர்ட் சொல்லட்டும். நாம் பார்க்கவேண்டியது அந்த ஒன்பது மணி நேரத்தை.

மனித உடம்பு மணிக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் வரை மதுவை ரத்தத்திலிருந்து கழிக்கும். ஒன்பது மணி நேரத்தில் 100-க்கு மேல் இருந்தாலும் கழிந்துபோகலாம். யார் ரத்தமானாலும் நேரம் போனால் ருசு போகும். இதில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு நிறையக் குடித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு முகம் கழுவி ஸ்டியரிங் பிடிக்கிறவன் தெளிந்துவிட்டேன் என்று நினைக்கலாம். ரத்தம் தெளிந்திருக்காது. நாம் முதலில் சொன்ன தோழருக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம்.

அதே சட்டத்தின் 202-ஆம் பிரிவைக் கேளுங்கள். 185-ல் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் சோதனைக்கு உட்படுத்தவேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடவேண்டும். இந்த இரண்டு மணி நேரம் நமக்கும் உண்டு. எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதினீர்கள், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார் என்பதை டிரைவர் மறந்தாலும் கிளீனர் குறித்துவைக்கட்டும். பீடிக் கட்டின் மேல் எழுதினாலும் போதும்.

"வாடை அடித்தது, தள்ளாடினான்" என்பது மட்டும் போதுமா? 1971-ல் ஒரு வழக்கில், டாக்டர் வாடையையும் தடுமாறிய நடையையும் விரிந்த கண்மணியையும் சொன்னார். ரத்த, மூத்திரச் சோதனையின் ருசு இல்லை. குடித்திருந்தான் என்று உறுதியாகச் சொல்ல இது போதாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் ஊதவே மாட்டேன்" என்று கிளம்பாதீர்கள்! மறுத்தால் 203-ஆம் பிரிவில் கைது செய்யலாம். மறுத்ததையே 205-ஆம் பிரிவு நமக்கு எதிராக எடுத்துக்கொள்ளும். ஊதுங்கள். ஊதுவதற்கு முன் கருவியைப் பாருங்கள்.

ஏன் பார்க்கவேண்டும்? நம் பக்கத்துப் பாலோட்டில், 2025 ஏப்ரலில் அரசு பஸ் டிரைவர் ஒருவரைக் கருவி குடிகாரன் என்றது. குடிப்பழக்கமே இல்லை என்று சொல்லிக் குடும்பத்தோடு போராட்டத்தில் உட்கார்ந்தார். பிறகு பார்த்தால், குடிக்காத மற்றவர்கள் ஊதியபோதும் அந்தக் கருவி அதையே காட்டியது! அதே ஆண்டு ஜூலையில் பந்தளம் டிப்போவில் இன்னொரு கூத்து. பலாப்பழம் தின்றுவிட்டு ஊதியவர்களுக்குக் கருவி மது காட்டியது. முதலில் பூஜ்யம் காட்டியவர் சுளை தின்றபின் ஊதினார், எண் ஏறியது. சிரிக்கலாம். ஆனால் அரசு பஸ் டிரைவருக்கு யூனியன் இருந்தது, பத்திரிகை இருந்தது. நடுராத்திரி மடத்தறை ரோட்டில் தனியாக நிற்கும் நம் ஆளுக்கு யார் இருக்கிறார்கள்?

2025-ல் கேரள உயர் நீதிமன்றம் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரின் வழக்கில் சொன்னதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒருவரை ஊதச் சொல்வதற்கு முன் கருவியை வெறுங்காற்றில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அது பூஜ்யம் காட்டவேண்டும். அவர் விஷயத்தில் பூஜ்யம் காட்டவில்லை. அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே தோழர்களே, மரியாதையாக, குரலை உயர்த்தாமல், "சார், முதலில் பூஜ்யம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கருவியிலிருந்து வரும் சீட்டின் நகலைக் கேளுங்கள். எண் தப்பு என்று தோன்றினால் ரத்தச் சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். குடித்திருந்தால் அந்த ரத்தமே உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது பாஷை. நம் பிள்ளைகள் இங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், வாசித்துவிடுவார்கள். தென்காசியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வண்டி கொண்டுவரும் தம்பிகள் என்ன செய்வார்கள்? 2024 ஜூலையில் பம்பாய் வொர்லியில் ஒரு பெரிய கார், மீன் வாங்கிக்கொண்டு கணவனோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்றது. அந்த வழக்கில் கைதானவனுக்காக வைத்த வாதத்தின் பேரில்தான், 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற பாஷையில், எழுத்தில் கொடுக்கவேண்டும். உடனே முடியாவிட்டாலும் மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுக்கவேண்டும். செத்தவள் மீன்காரி. இடித்ததாகச் சொல்லப்படுகிறவன் பணக்கார வீட்டுப் பிள்ளை. அவனுடைய வக்கீல்கள் கேட்டு வாங்கிய உரிமை நமக்கும் சொந்தமாகியிருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நாம் முட்டாள்களா? "தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது தகராறு ஆகாது.

ஜாமீன் பற்றி. இந்தக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது, கேட்டால் கொடுக்கவேண்டும். ஆனால் நமக்கு முட்டுக்கட்டை போடுவது ஆள் ஜாமீன். உள்ளூரில் நிலம் உள்ளவர், கரம் ரசீது உள்ளவர் வேண்டும் என்பார்கள். எஸ்டேட் லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரிடம் ஏது கரம் ரசீது? 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்றத்தில் அதைக் கேட்டவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் இந்தக் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்; பாலக்காட்டுத் தமிழ் வீட்டில் பிறந்தவர். தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். வெளி ஜில்லா ஜாமீனைத் தள்ள எந்தச் சட்டம் சொல்கிறது, நாளைக்கு ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கே கைதானால் அவன் கதி என்ன என்று கேட்டார். நெடுமங்காட்டுக் கோர்ட்டில் தென்காசிப் பட்டாவைக் காட்டும்போது வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பை ஞாபகப்படுத்துங்கள்.

வக்கீலுக்குப் பணம்? காவலில் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தாய்மார்களே, இந்த எண்ணை அரிசி டப்பாவின் மூடியில் எழுதிவையுங்கள். ராத்திரியில் போன் வருவது உங்களுக்குத்தான். அப்போது நீங்கள் அவரிடம் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றுதான்: "வக்கீல் வரும்வரை சம்மதம் சொல்லாதீங்க."

முதலாளிமார் சங்கதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு அரைகுறை. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போயிற்று. அங்கேயும் எட்டு மணிதான். எந்த லாரியில் எட்டு மணி நடக்கிறது? இரண்டு ராத்திரி கண் விழிக்க வைத்து, உடம்பு வலிக்குக் குவார்ட்டர் காசையும் பேட்டாவில் சேர்த்துக் கொடுக்கிற முதலாளியை நமக்குத் தெரியும். விபத்து நடந்தால் கம்பெனி செத்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு, குடித்து ஓட்டிய டிரைவரிடமும் உடைமைக்காரரிடமும் திருப்பி வசூலிக்கலாம் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குவார்ட்டர் காசு கொடுத்தவர் அதை வாசிக்கட்டும்.

உத்தரப் பிரதேசத்தில் ஆயுதப் போலீஸ் படையின் லாரி டிரைவர் ஒருவர், கும்பமேளா வேலைக்குப் படையினரை ஏற்றிக்கொண்டு போகையில் ஜீப்பில் மோதினார். குடித்திருந்தார் என்று டிஸ்மிஸ் செய்தார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பெரிய சேதம் இல்லை என்பதற்காகக் குடித்து ஓட்டியதை லேசாக விட முடியாது என்றது; ஆனால் 25 வருட சர்வீசைப் பார்த்து, டிஸ்மிஸை மாற்றிக் கட்டாய ஓய்வாக்கியது. அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார். பலன் குடும்பத்துக்குப் போயிற்று. சர்க்கார் டிரைவருக்காவது அந்தக் குடும்பத்துக்கு ஏதோ மிஞ்சியது. நம் லாரி டிரைவருக்கு சர்வீஸ் புஸ்தகமே கிடையாது.

கடைசியாக ஒரு வேலை. இங்கே உள்ளவர்களில் கரம் ரசீது உள்ளவர்கள், விதுரையிலோ ஆனப்பாறையிலோ நாலு சென்ட் இருந்தாலும் போதும், கூட்டம் முடிந்ததும் பெஞ்சுக்கு அருகே வந்து பெயர் கொடுங்கள். ரசீது இன்றைக்கு வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருவீர்களா என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள்.