பாப்பா வளர்கிறது, மெதுவாகப் பேசுங்கள்



செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே பெங்களூரு நெடுஞ்சாலை. ராத்திரி, பகல் என்று பார்க்காமல் கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஏர் ஹாரன். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவர் உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள், இயர் பிளக் எதற்கு என்று சொல்லுவார். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஷிஃப்ட் முடிந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்றைக்கு நான் பேச வந்தது, ஷிஃப்டே முடியாத ஒருவரைப் பற்றி. குறைமாதத்தில் பிறந்து, ஒன்றரை கிலோ கூட இல்லாமல், இன்குபேட்டருக்குள் படுத்திருக்கும் குழந்தை. மூன்று ஷிஃப்டும் அதற்குத்தான். காதைப் பொத்திக்கொள்ளவும் தெரியாது, எழுந்து போகவும் முடியாது.

எங்கள் அக்காவுக்கு 31-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையைப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். ஒருநாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒருவர் கேஸ் ஷீட் அட்டையை இன்குபேட்டர் மேலே டொப்பென்று வைத்தார். குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கி, அலாரம் அடித்தது. சிஸ்டர் ஓடிவந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. "ஏதாவது சொன்னா தப்பா எடுத்துப்பாங்களோன்னு வாயே திறக்கலடி" என்றாள் அக்கா. அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு விஷயம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய 25 வாரத்தில் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அம்மாவின் உடம்பும் பனிக்குட நீரும் சத்தத்தை வடிகட்டித்தான் உள்ளே அனுப்பும். இதயத்துடிப்பு, அம்மாவின் குரல் போன்ற தாழ்ந்த ஒலிகள் போகும். கீச்சென்ற ஒலிகள் பெரும்பாலும் போகாது. சீக்கிரம் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வடிகட்டி இல்லை.

எவ்வளவு சத்தம் இருக்கலாம்? அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பு 1997-ல், இந்தப் பிரிவுகளில் 45 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபெல். டெசிபெல் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு; 20 கூடினால் 100 மடங்கு. இன்குபேட்டர் மேல் பொருளை வைப்பதும், அதன் சின்னக் கதவைப் படாரென்று மூடுவதும் நமக்குச் சின்ன சத்தம். உள்ளே இருக்கும் குழந்தைக்கு அது 80 டெசிபெலைத் தாண்டக்கூடும்.

அதனால் என்ன? திடீர்ச் சத்தத்தில் இதயத்துடிப்பு மாறும், ஆக்சிஜன் குறையலாம், தூக்கம் கலையும். இந்தக் குழந்தைகளின் மூளை வளர்வதற்குத் தூக்கம் மிக முக்கியம். எடை கூட வேண்டிய சக்தி, திடுக்கிட்டு அழுவதில் செலவாகிறது. தொற்றுக்குக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை. அதோடு சத்தமும் சேர்ந்தால் ஆபத்து கூடலாம் என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்.

அதற்காக அலாரத்தை நிறுத்திவிட முடியாது. அது உயிர் காக்கும் சத்தம். சிஸ்டர்களின் வேலைப்பளுவும் நமக்குத் தெரியும். தவிர்க்கக்கூடிய சத்தத்தைத் தவிர்ப்போம் என்பதுதான் கோரிக்கை. போனை சைலன்ட்டில் போடுங்கள். இன்குபேட்டர் மேல் பால் கிண்ணமோ பையோ எதுவும் வைக்காதீர்கள், கண்ணாடியில் தட்டிக் கூப்பிடாதீர்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்களும் குரலைத் தாழ்த்துங்கள். யாராவது மறந்துவிட்டால், "சிஸ்டர், பாப்பா திடுக்கிடுது, கொஞ்சம் மெதுவா வைக்கலாமா?" என்று கேளுங்கள். இது குற்றம் சொல்வது ஆகாது. உங்கள் குழந்தைக்காக நீங்கள் கேட்கிறீர்கள்.

ஒரு சத்தம் மட்டும் குழந்தைக்கு வேண்டும். அது அம்மாவின் மெல்லிய குரல். தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அம்மாவைப் பார்வையாளராக வெளியே நிறுத்தாமல், குழந்தைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதன் பலன் அது.

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலமான மருத்துவமனைச் சுற்றுப்புறத்தில் 100 மீட்டர் வரை பகலில் 50, இரவில் 40 டெசிபெல்தான் வரம்பு. அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது, வெடி வெடிக்கக் கூடாது, ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மீறினால் காவல் துறையிடம் புகார் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்தையும் அழைக்கலாம். லாரி, பஸ் ஓட்டும் அண்ணன்மார்களே, மருத்துவமனை வாசலில் ஹாரனில் இருந்து கையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்குக் காது பரிசோதனை கட்டாயம் வேண்டும். 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல். இதுதான் கணக்கு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இது இலவசம். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்து விவரம் கேளுங்கள். வலியில்லாத சோதனைதான், குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள்.

அக்கா மகனுக்கும் எடுத்தோம். நன்றாகக் கேட்கிறது. இப்போது கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான், அவன் அப்பா வந்துவிட்டார் என்று.