கரு கலைந்த பின் மீண்டும் தாயாகலாம்



ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது. மாமியார், "சீக்கிரம் அடுத்ததைப் பார்" என்கிறார். அம்மா, "ஒரு வருஷம் போகட்டும்" என்கிறார். அக்கம்பக்கத்தார், "குடம் தூக்கினாள், பஸ்ஸில் போனாள், அதுதான்" என்கிறார்கள். அவள் யார் சொல்வதைக் கேட்பாள்?

முதலில் பழியைப் பார்ப்போம். தெரியவரும் கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை கலைந்துவிடுகின்றன. தொடக்க மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவாகும்போதே ஏற்பட்ட குறைதான் காரணம். குடம் தூக்கியதால் அல்ல. யாரும் கண் வைத்ததால் அல்ல. அவள் மீது குற்றம் இல்லை.

அடுத்து, எவ்வளவு நாள் பொறுப்பது? 6 மாதம் பொறுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005ல் ஆலோசனை சொன்னது. பிறகு ஸ்காட்லாந்து நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2010ல் வெளிவந்தது. 6 மாதத்துக்குள் மீண்டும் கருத்தரித்தவர்களுக்கு மறுபடி கலைவது குறைவாகவே இருந்தது. ஆகவே, தொடக்கத்தில் ஒரு முறை கலைந்து, உடல் தேறிய பெண் மாதக்கணக்கில் பயந்து காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் ரத்தப்போக்கு முழுவதும் நிற்க வேண்டும். ஒரு மாதவிடாய் வந்த பிறகு முயன்றால் நாள் கணக்கிட எளிது. மாதவிடாய் வருமுன்பே கரு தங்கவும் கூடும். இப்போது வேண்டாம் என்பவள் உடனே கருத்தடை முறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலர் மட்டும் டாக்டர் சொல்லும்வரை கட்டாயம் பொறுக்க வேண்டும். முத்துப்பிள்ளைக் கர்ப்பம், குழாயில் தங்கிய கர்ப்பம், 5 மாதத்துக்கு மேல் கலைந்தது, கடும் ரத்தசோகை ஆகியவை அப்படிப்பட்டவை. காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, நிற்காத ரத்தப்போக்கு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மைசூரில் பெண்களுக்கென்றே அரசின் செலுவாம்பா மருத்துவமனை இருக்கிறது.

மீண்டும் முயலும் முன் ரத்த அளவு, ரத்த வகை, ரத்த அழுத்தம், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை பணக்கார நோய் என்று ஒதுக்கக் கூடாது. 1997, 98ம் ஆண்டுகளில் மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியில், அதாவது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். 100க்கு 6 பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்தது. கரு தங்கும் சமயத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கரு கலையும் வாய்ப்பு கூடும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அது குழந்தையின் மூளையையும் முதுகெலும்பையும் காக்கும். இரண்டு, மூன்று முறை கலைந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உடல் தேற ஓய்வு வேண்டும். கரு கலைந்த தொழிலாளிப் பெண்ணுக்குச் சம்பளத்துடன் 6 வார விடுப்பை 1961ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்தது. 2020ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து ஊதுபத்தி உருட்டும் பெண்ணுக்கு யார் விடுப்பு தருவார்? வீட்டார்தான் தர வேண்டும். தண்ணீர்க் குடத்தைச் சில வாரம் கணவன் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

உடல் தேறினாலும் மனம் தேற நாளாகலாம். பெரியவர்களே, "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று மாதாமாதம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவளைக் குத்தும். கலைந்ததும் அவளுக்குப் பிள்ளைதான். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

ஒரு முறை கரு கலைந்த பெண்களில் பெரும்பாலோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டு, அவளும் அவள் கணவனும் முடிவு செய்யட்டும். மற்றவர்கள் துணை நிற்கட்டும்.