ஈரற்புற்றும் உயிரணு மருத்துவமும்



ஈரற்புற்றுக்குப் புது ஊசி வந்துவிட்டது என்றொரு பேச்சு நம் பக்கத்து ஊர்களில் உலவுகிறது. காணி நிலத்தை அடகு வைத்தேனும் அதைப் போட்டுவிடலாமா என்று நம்மிடம் கேட்டு வருவோர் உளர். ஆகவே, அப்பேச்சில் மெய் எவ்வளவு என்பதை இம்மேடையில் ஆராயக் கருதினோம்.

நம் குருதியிலுள்ள வெள்ளையணுக்களுள் 'டி' அணு என ஒருவகை உண்டு. நோயுற்ற உயிரணுவை இனங்கண்டு அழிப்பது அதன் தொழில். புற்றணுவோ உடலின் சொந்த அணுவே திரிந்தது. ஆதலின் பலகால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நோயாளியின் குருதியிலிருந்தே டி அணுக்களைப் பிரித்து, புற்றணுவை அடையாளங்காட்டும் மரபணுவை அவற்றுட் புகுத்தி, பெருக்கி, மீண்டும் அவருடலில் ஏற்றுவதே இம்மருத்துவம். குருதிப் புற்றில் இது வென்றது. அதற்கு 2017-இல் அமெரிக்காவிலும், மும்பையில் உருவானதற்கு 2023-இல் நம் நாட்டிலும் அரசு இசைவு கிடைத்தது.

ஈரற்புற்று இறுகிய கட்டி. ஏற்றிய அணுக்கள் அதனுட் புகுவதும், புகுந்தபின் பிழைத்திருப்பதும் அரிது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துப் பேய்லர் மருத்துவக் கல்லூரியார் இதில் செய்த சோதனையை 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஈரற்புற்றணுக்கள் பலவற்றின் மேற்புறத்தில் கிளிபிக்கான்-3 என்னும் புரதம் காணப்படுகிறது. அதனைக் குறியாக வைத்து, ஈரற்புற்று முதலிய கட்டிகள் உடைய 12 பேருக்கு அணுக்களை ஏற்றினர். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. பின்னர், அணுக்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின்-15 என்பதை அவ்வணுக்களே சுரக்குமாறு மாற்றி, வேறு 12 பேருக்கு ஏற்றினர். நால்வருக்குக் கட்டி சுருங்கிற்று. கூடவே கடுங்காய்ச்சலும் அழற்சியும் மிகுந்தன. அதற்கென ஒரு தற்காப்பும் முன்னரே அமைத்திருந்தனர்: குறித்த மருந்தைச் செலுத்தினால் ஏற்றிய அணுக்கள் மடிந்துபோகும்.

மாணவர்களே, முதற் பன்னிருவரின் கணக்கை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டதைக் கவனியுங்கள். அப்பன்னிருவர் இல்லையேல் பின்னை நால்வர் இல்லை.

நால்வர் என்பது நம்பிக்கைக்கு இடந்தரும் எண். நிலம் விற்பதற்கு அது போதாது. (ஈரற்புற்றின் பெருங்காரணங்களுள் ஒன்றான ஹெபடைடிஸ்-பி கிருமிக்குத் தடுப்பூசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காசின்றிப் போடப்படுகிறது. அதைக் கேட்டு வருவோர்தாம் குறைவு!)

இவ்வணு மருத்துவம் ஈரற்புற்றில் இன்னும் சோதனைதான். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனைக்கு உட்படுவோர்க்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் இசைவு பெறவேண்டும். சோதனையால் ஊறு நேர்ந்தால் காசின்றிச் சிகிச்சை அளிக்கவேண்டும். சோதனை என்று சொல்லிக்கொண்டே பெருந்தொகையும் கேட்பாராயின், அங்கே ஐயுறுவதே தகும்.

கைந்நாட்டு வைக்குமுன் அந்த இசைவுத்தாளை வீட்டிற்குக் கொண்டு வாருங்கள். நம் விடுதிப் பிள்ளைகளுள் ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். இதுவரை எத்தனை பேருக்கு ஏற்றினர், எத்தனை பேருக்குப் பயன்பட்டது, எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு, அத்தாளின் பின்புறத்தில் அப்பிள்ளையே எழுதி வரட்டும்.