சிறுதேரும் ஆறு நரம்பும்



ஆங்கிலத்தில் ‘ஹாபி’ என்று வழங்கும் சொல்லைத் தமிழில் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர்ப்பது வழக்கம். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும், கோப்புகளில் அச்சொல் வரும்போதெல்லாம் அவ்வாறே எழுதுகின்றோம். அகராதிக்கு அது போதும். ஆயின் மனத்திற்குப் போதவில்லை. பொழுதைப் போக்குவது என்றால், வேண்டா விருந்தாளியை வாயில்வரை கொண்டுபோய் விட்டுவருவது போலத் தொனிக்கின்றது. ஆங்கிலச் சொல்லின் வரலாறோ வேறு. முதலில் அது ஒரு சிறிய குதிரையைக் குறித்தது. பின்னர், குழந்தைகள் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு ஓடும் கோற்குதிரையைக் குறித்தது. அதன் பின்னரே, ஊதியம் கருதாமல் ஒருவர் விரும்பிச் செய்யும் செயலுக்குப் பெயராயிற்று. அந்தக் குதிரை எவரையும் எந்த ஊருக்கும் கொண்டு சேர்ப்பதில்லை. எனினும் ஏறியவர் இறங்க விரும்புவதில்லை!

நம் முன்னோரும் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் என்னும் புலவர் ஓர் உவமை கூறுகின்றார். தச்சன் செய்து கொடுத்த சிறிய தேரில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும், அதைக் கையால் இழுத்துத் திரிந்தே சிறுவர்கள் இன்பம் அடைகின்றனர் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர்ப் பருவத்தை அமைத்தனர். ஏறிச் செல்லாமலே இன்புறுவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இரண்டு கைவேலைகளைக் கொண்டு அதை விளக்க முயல்கின்றோம். ஒன்று, மோட்டார் காரின் சிற்றுருவை அளவு பிசகாமல் செய்வது. மற்றொன்று, மேடையேறும் எண்ணமின்றிக் கிதார் வாசிப்பது.

நாம் மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியாகிய கோவண்டியில் குடியிருக்கின்றோம். செம்பூருக்கு அடுத்த நிலையம் என்றால் தமிழர் பலருக்கு எளிதில் விளங்கும். துறைமுக ரயில்பாதையில் குர்லாவை விட்டுக் கிளம்பினால் மூன்றாவது நிலையம். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், அந்தக் குர்லாவில்தான் கார் தொழிற்சாலை நடத்திற்று. இத்தாலிய நாட்டு ஃபியட் 1100 கார் 1954 முதல் இந்நிறுவனத்தின் வழியே நம் நாட்டில் வெளிவந்தது. 1970களின் நடுவில் அதே குடும்பத்துக் கார் ‘பிரீமியர் பத்மினி’ என்னும் பெயர் பூண்டது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக, மும்பையின் டாக்சி என்றாலே பத்மினிதான் என்னும் நிலை வந்தது. 2000ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி நின்றது. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு வயது வரம்பு முடிவுற்றமையால், 2023 அக்டோபர் 30ஆம் நாள் முதல் பத்மினி டாக்சிகள் இந்நகரத் தெருக்களில் ஓடுவதில்லை. ஓடுவது நின்ற வண்டியைக் காகிதத்திலும் அட்டையிலுமாவது மீட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியமையால், நாம் செய்யத் தேர்ந்த சிறுதேர் அதுவே.

சிற்றுருக் கார் என்பது வெறும் பொம்மை அன்று. அதன் உயிர் அளவில் இருக்கின்றது. உலகெங்கும் இக்கலையில் ஈடுபட்டோர் 1:24, 1:43 முதலிய விகிதங்களைக் கையாள்கின்றனர். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கொண்டால் 1:24 கிடைக்கும். ரயில் பொம்மைகளுக்கு இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கொண்ட கணக்கிலிருந்து 1:43 பிறந்தது. பத்மினி காரின் முன்சக்கர அச்சிற்கும் பின்சக்கர அச்சிற்கும் இடைப்பட்ட தூரம் 2,340 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 97.5 மில்லிமீட்டர். ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளமுள்ள வண்டி, 16 சென்டிமீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் வந்து அமர்கின்றது. இவ்விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், உண்மை வண்டியில் 24 மில்லிமீட்டர் பிசகியதற்கு ஒப்பாகும். ஆகவே கண்ணும் கையும் பொறுமை கற்கின்றன.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என்று நேயர்கள் ஐயுறலாம். ஆயத்தப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. அவற்றிலுள்ள பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டும் பசை, உண்மையில் ஒட்டுவதில்லை. இரு விளிம்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக உருக வைக்கின்றது. அதன் ஆவி நல்லதன்று. சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யவேண்டும். ஆயின் தொடங்குவோர்க்கு ஆயத்தப் பெட்டி இன்றியமையாதது அன்று. கெட்டி அட்டை, உலோக அளவுகோல், கூரிய கத்தி, உப்புத்தாள், சிறிய அரம், பசை ஆகிய இவையே போதும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, மெல்லிய முதற்பூச்சு இட்டு, அது உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டவேண்டும். அவசரப்பட்டோர் விரல்ரேகை கூரையிலேயே பதிந்துவிடும்.

சிறுமையில் பெருமை கண்டோர் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ஜாக் ஓடல் என்னும் பொறியாளரின் மகள் பயின்ற பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். தந்தை சாலை உருளை வண்டி ஒன்றைத் தீப்பெட்டி அளவில் செய்து கொடுத்தார். 1953இல் தொடங்கிய ‘மேட்ச்பாக்ஸ்’ கார்களுக்கு அதுவே வித்து. நம் நாட்டிலோ, தீப்பெட்டிக்குள் இருக்கும் குச்சியையே ஒருவர் கருவியாக்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றிய அரவிந்த் குப்தா, 1978இல் ஓராண்டு விடுப்பில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்திற்குச் சென்றார். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளால் இணைத்து, கனவடிவங்களைக் கட்டும் முறையை அவர் குழந்தைகளுக்குக் கற்பித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. லாரி செய்யும் நிறுவனத்திலிருந்து தீக்குச்சிக்கு வந்தவரை எவரேனும் தாழ்ந்தார் என்று கூறுவரோ?

நம் அடுத்த கட்டடத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் வந்து, பல்லாண்டு பத்மினி டாக்சி ஓட்டிய முதியவர் ஒருவர் இருக்கின்றார். நாம் அவரை ‘அண்ணாச்சி’ என்று அழைப்போம். நாம் செய்த சிற்றுருவை ஒருநாள் அவரிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிப்புறம் பொருத்திய மீட்டரையும் கூரைமேல் இருக்கும் சுமைச் சட்டத்தையும் பார்த்தார். பின்னர் ஒன்றும் பேசாமல், தம் இடக்கையைக் காற்றில் உயர்த்தி, சிறிது மேலும் கீழுமாக அசைத்தார். பத்மினியில் கியர்த்தண்டு தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். கண் பார்த்ததைக் கை நினைவுகூர்ந்தது! “தம்பி, ஏறி உட்காரத்தான் முடியாது, மற்றபடி எல்லாம் இருக்கு” என்றார். தும்பிசேர் கீரனாரை அவர் கேள்வியுற்றதில்லை.

இனிக் கிதாருக்கு வருவோம். அட்டையை வெட்டும் கைக்கும் நரம்பை மீட்டும் கைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இன்று உலகில் வழங்கும் மரபுக் கிதாருக்கு வடிவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் தச்சர். அவர் 1862இல், முதுகும் பக்கங்களும் காகிதக் கூழட்டையால் ஆன கிதார் ஒன்றைச் செய்தார். ஒலிக்கு உயிர்நாடி மேற்பலகையே என்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார். அட்டையும் பாடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

உறவு இதனோடு முடியவில்லை. கிதாரும் அளவினாலேயே வாழ்கின்றது. அதன் நரம்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் நீளம். முதல் மெட்டு, அந்நீளத்தில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்கு தள்ளி நிற்கும். அடுத்தது, மிஞ்சிய நீளத்தில் மீண்டும் அதே பங்கு. இவ்வாறே செல்ல, பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் சரிபாதியில், 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கேதான் மேல்ஸ்தாயி ஷட்ஜம் ஒலிக்கின்றது. காருக்கு 24, கிதாருக்கு 18. கணக்குத் தவறினால் கார் கோணும், கிதார் அழும்.

நம் இசை பயின்ற செவிக்குக் கிதார் அயலாக இருக்குமே என்று அஞ்சவேண்டா. ஏதேனும் ஒரு நரம்பை அழுத்தாமல் மீட்டி, அதை ஷட்ஜமாகக் கொள்ளுங்கள். பின்னர் 2, 4, 5, 7, 9, 11, 12 என்னும் மெட்டுகளில் முறையே விரல் வைத்து மீட்டுங்கள். சங்கராபரணத்தின் ஆரோகணம் தானே எழும். கமகம் வேண்டுமாயின், வீணையில் செய்வது போல நரம்பைப் பக்கவாட்டில் இழுக்கலாம். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றோர் கருநாடக இசையைக் கிதாரில் கச்சேரியாகவே வாசித்துக் காட்டியுள்ளனர். நமக்கு அத்துணை உயரம் வேண்டா. விரல்நுனி வலிக்கும் முதற்சில வாரங்களில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நைலான் நரம்பு விரலுக்கு இதம். இரவில் அண்டை வீட்டார்க்கு இடையூறு நேராதிருக்க, நரம்பு முடியும் இடத்தருகே அதனடியில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிட்டால் ஒலி அடங்கிவிடும்.

அண்டை வீடு என்று சொல்லும்போதே, நம் போன்றோர் வாழும் இடத்தின் சிறுமையும் நினைவிற்கு வருகின்றது. கோவண்டியின் மறுகுடியமர்வுக் கட்டடங்களில் ஒரு குடும்பத்திற்கு 225 சதுர அடி அறை. 1:24 விகிதத்தில் பார்த்தால், அந்த வீடு முழுவதும் ஏழரை அங்குலச் சதுரத்தில் அடங்கிவிடும்! அதற்குள் அடுப்பும், படுக்கையும், பள்ளிப் பிள்ளையின் புத்தகமும் இருந்தாக வேண்டும். ‘இங்கே காருக்கும் கிதாருக்கும் இடம் ஏது?’ என்று இல்லத்தரசியர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ‘இதனால் என்ன பயன்?’ என்று தந்தையர் கேட்டால், அதையும் புறந்தள்ள இயலாது. ஊரை விட்டு வந்தவர்க்கு ஒவ்வொரு மணியும் காசு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தேர்வு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மும்பைக்கு வந்த தமிழர் தம் கலைப்பசியை மறந்தவர் அல்லர். மாட்டுங்காவில் 1952இல் சண்முகானந்த சபையைத் தொடங்கி, 1963இல் மாபெரும் அரங்கமே கண்டவர்கள் அவர்கள். கேட்பதற்குச் சபை கட்டினோம். செய்வதற்கு வீட்டில் ஒரு மூலை ஒதுக்கினோமா? பகலெல்லாம் நாம் பிறர் எழுதியதைப் பெயர்க்கின்றோம். மற்றொருவர் பிறர் சரக்கைச் சுமக்கின்றார். வேறொருவர் பிறர் கணக்கை எழுதுகின்றார். நம் பிள்ளைகளோ பிறர் வகுத்த வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். தாமே தொடங்கி, தாமே முடித்து, எவரும் மதிப்பெண் இடாத ஒரு செயல் ஒவ்வொருவர்க்கும் வேண்டாவா? அது இல்லாத இடத்தைக் கைப்பேசி வந்து நிரப்பிக்கொள்வதை நாம் வீடுதோறும் காண்கின்றோம்.

1927 முதல் தேவ்னார்க் குப்பைமேட்டின் அண்டைப் பகுதி என்றே உலகம் கோவண்டியை அறியும். அந்தக் கோவண்டியில், நட்வர் பாரேக் குடியிருப்பில், 2023 பிப்ரவரித் திங்களில் ‘கோவண்டிக் கலைவிழா’ ஐந்து நாள் நடைபெற்றது. அங்கு வாழும் இளைஞர்களே நாடகமும், ராப் பாட்டும், புகைப்படமும், திரைப்படமும் பயின்று தம் தெருவைத் தாமே காட்டினர். இடம் விரிந்ததனால் அன்று, கைகள் முன்வந்ததனால் அவ்விழா நிகழ்ந்தது.

ஆகவே நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது சிறிய வேண்டுகோளே. வீட்டில் ஒரு சதுர அடி இடத்தையும், நாளில் அரைமணி நேரத்தையும் ஒரு கைவேலைக்கென ஒதுக்குங்கள். காராயினும் ஆகுக, கிதாராயினும் ஆகுக. உங்கள் ஊரில் ஓடிய பேருந்தோ, பாட்டி வீட்டுத் திண்ணையோ கூட ஆகலாம். தொடக்கத்திலேயே விலையுயர்ந்த கருவி வாங்கவேண்டா. பிள்ளை செய்வதைப் போட்டிக்கு அனுப்ப விரையவேண்டா. ‘எப்போது முடியும்?’ என்று கேளாமல், ‘இந்தச் சக்கரத்தை எப்படிச் செய்தாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விடை கூறத் தொடங்கினால், மேசையில் வண்டியோடு மொழியும் வளரும்.